தடித்த தமிழ் ஸ்டென்சில் எழுத்துரு: வரைவதிலிருந்து சுவரில் பதிப்பது வரை

தேயிலை மரப்பெட்டிகளில் ஏற்றுமதியான காலத்தில், இலங்கை மலையகத்தின் தேயிலை ஸ்டோர்களில் (தொழிற்சாலைகளில்) ஸ்டென்சில் எனப்படும் எழுத்து வெட்டிய தகடுகள் அன்றாடக் கருவிகளாக இருந்தன. தோட்டத்தின் விற்பனைக் குறி, தூளின் தரம், இன்வாய்ஸ் எண், பெட்டி எண், மொத்த நிறை, நிகர நிறை ஆகியவை அத்தகடுகளின் வழியாகவே பெட்டியின் பலகையில் ஏறின. பின்னர் பெட்டிகளின் இடத்தைப் பலவடுக்குக் காகிதப் பைகள் பிடித்துக்கொண்டன. அன்று தகட்டில் வெட்டப்பட்டவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளே. ஆகையால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் பெயர்ப்பலகைக்கோ, மாரியம்மன் கோயில் திருவிழாப் பதாகைக்கோ, சிறு தோட்டக்காரர் ஒருவரின் தேயிலைப் பொதிக்கோ தமிழில் அதே உறுதியான தோற்றம் வேண்டுமென்றால், அதற்கான எழுத்தை நாமே வரைந்துகொள்ள வேண்டியுள்ளது. அதனைச் செய்யும் முறையை இவ்வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது.

ஸ்டென்சில் தோற்றமுள்ள அச்செழுத்துகளில் மிகவும் அறியப்பட்டவை 1937இல் அமெரிக்காவில் வெளிவந்தன. ஜூன் மாதம் லட்லோ நிறுவனத்துக்காக ராபர்ட் ஹண்டர் மிடில்டனும், ஜூலை மாதம் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ஜெரி பவலும் வரைந்த இரண்டுக்குமே ‘ஸ்டென்சில்’ என்றுதான் பெயர். பவலின் எழுத்து பின்னர் இராணுவப் பெட்டிகளின் அடையாளமாகவே மனத்தில் பதிந்துவிட்டது. நம் நாட்டில் அந்த நினைவை ஒரு கோயில் பதாகையின் மீது ஏற்றுவதற்கு நான் உடன்படமாட்டேன். தமிழ் எழுத்தை வரைபவருக்கு இவ்விரண்டையும்விடப் பயன்படுவது 1929இல் பவுல் ரென்னர் வரைந்த ஃபியூச்சுரா பிளாக் ஆகும். அதில் எழுத்தின் உள்வெளியும் கோட்டை வெட்டும் பிளவும் பெரும்பாலும் ஒன்றாகிவிடுகின்றன. தடித்த தமிழ் எழுத்தின் பெரும் சிக்கலைத் தீர்க்கும் வழியும் அதுவே என்பதைக் கீழே காணலாம்.

முதற் படி: பயன்பாடும் அளவும்

எழுத்தை வரையத் தொடங்கும் முன், அது உண்மையிலேயே தகட்டில் வெட்டப்படப் போகிறதா, அச்சிலும் திரையிலும் தோற்றத்துக்காக மட்டும் வரப்போகிறதா என்பதை முடிவு செய்ய வேண்டும். தகட்டில் வெட்டத் தகுந்த எழுத்து அச்சுக்கும் பொருந்தும். அச்சுக்கென்று வரைந்ததைத் தகட்டில் வெட்டினால் பாதி எழுத்துகள் கையோடு வந்துவிடும். ஆகவே வெட்டுவதற்கே வரைவது நன்று.

100 மி.மீ. உயரமுள்ள எழுத்தை அடிப்படையாகக் கொண்டால் கணக்கு எளிது. எழுத்துரு மென்பொருளில் 1000 அலகு கொண்ட சட்டத்தில், மேலும் கீழும் நீளும் உறுப்புகளைத் தவிர்த்த எழுத்துடலுக்கு 600 அலகு உயரமும், கோட்டின் தடிப்புக்கு 150 அலகும், கோட்டை வெட்டும் பாலத்துக்கு, அதாவது தகடு விழாமல் தாங்க வெட்டாமல் விடும் பட்டைக்கு, 36 அலகும் கொடுக்கலாம். 100 மி.மீ. உயரத்தில் இவை முறையே 25 மி.மீ. தடிப்பாகவும் 6 மி.மீ. பாலமாகவும் அமையும். தடிப்பில் நான்கில் ஒரு பங்கை விடப் பாலம் பெரிதும் அகன்றால் எழுத்து உடைந்து தெரியும். பெரிதும் ஒடுங்கினால் தூரிகை பட்டதும் கிழியும்.

இரண்டாம் படி: வெட்டில்லாத முழு எழுத்து

முதலில் பாலங்களை மறந்துவிட்டு, ட, ப, ம, க, ர, ன ஆகிய ஆறு எழுத்துகளையும் முழுமையாக வரைய வேண்டும். நேர்கோடு, மூலை, மூடிய வளைவு, சுழி, கால், சுருள் என்று தமிழ் எழுத்தின் உறுப்புகளில் பெரும்பாலானவை இந்த ஆறில் அடங்கிவிடுகின்றன. மற்றவற்றை இவற்றின் உறுப்புகளைக் கொண்டே கட்டலாம்.

இங்கே தடிப்புதான் முதல் இடையூறு. ட என்ற எழுத்தில் 25 மி.மீ. கோடு கம்பீரமாக நிற்கும். அதே தடிப்பை ண என்ற எழுத்துக்குக் கொடுத்தால் சுருளும் வளைவுகளும் அடுத்தடுத்து நெருங்கி, எழுத்து அளவுக்கு மீறி அகன்றுபோகும், அல்லது உள்வெளியெல்லாம் அடைந்து ஒரே கறையாகிவிடும். உள்ளே வரும் கோடுகளை 18 மி.மீ. வரை மெலித்து, வெளிக்கோட்டை மட்டும் முழுத் தடிப்பில் விடுவதே வழி. எல்லாக் கோடுகளும் ஒரே தடிப்பில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவரின் எழுத்துரு ண, ஞ, ஊ ஆகியவை வரும் இடங்களில் எப்போதும் கறுத்துத் தெரியும்.

மூன்றாம் படி: பாலம் இடுதல்

எழுத்துருவின் தலைவிதி இந்தப் படியில்தான் முடிவாகிறது. தகட்டை வெட்டும்போது இருவகையான பகுதிகள் தொல்லை தருகின்றன. எல்லாப் பக்கமும் வெட்டுப்பட்டுத் தனித்து விழும் பகுதியைத் தீவு எனலாம். ம என்ற எழுத்தின் வலப்பக்க வளைவுக்குள் உள்ள வெளி ஒரு தீவு. விழாமல், ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஆடும் பகுதியை நாக்கு எனலாம்; ப என்ற எழுத்தின் உள்வெளி மேற்புறத்தில் மட்டும் தகட்டோடு சேர்ந்திருப்பதால் அது ஒரு நாக்கு. ஆங்கில எழுத்துகளுக்கான குறிப்புகளைப் படித்தவர்கள் தீவை மட்டும் தேடிப் பாலம் இட்டுவிட்டு, நாக்கை விட்டுவிடுவதுண்டு. தமிழில் நாக்குகள் மிகுதி. ய என்ற எழுத்தில் நீண்டு ஒடுங்கிய நாக்குகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. தூரிகை இரண்டு முறை தட்டியதும் அவை மடிந்து மேலெழும்பி, அடியில் வண்ணம் கசிந்துவிடும்.

தீவுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு பாலங்கள் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் தீவு நாக்காக மாறுமேயொழிய உறுதிபெறாது. 15 மி.மீ.க்கும் சிறிய தீவுக்கு மட்டும் ஒரு பாலம் போதும். நாக்குக்கு, அதன் தொங்கும் முனையில் ஒரு பாலம் போதுமானது.

எண்ணிக்கையை விடக் கடினமானது இடத்தைத் தேர்வதாகும். எல்லா எழுத்துகளையும் நடுவில் ஒரே செங்குத்துக் கோட்டால் பிளப்பது மென்பொருளில் ஒரு நிமிட வேலை. அவ்வாறு பிளந்த தமிழ் எழுத்தைப் படிப்பது வேதனை. கை எழுதும்போது எங்கே திரும்புகிறதோ அங்கே பாலம் வரவேண்டும். எந்த உறுப்பு ஓர் எழுத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறதோ அங்கே பாலம் வரவே கூடாது. என் கருத்தில் தமிழ் ஸ்டென்சிலுக்கு இவ்விரண்டு விதிகளும் மற்ற எல்லாவற்றுக்கும் மேலானவை.

பண்டாரவளை என்ற ஊர்ப்பெயரைத் தகட்டில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். அச்சொல்லின் நடுவில் டா என்பதன் கால் முடிந்த கையோடு ர வருகிறது. காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடு, ரகரத்தின் அடியில் சாய்ந்து இறங்கும் சிறு கீற்று மட்டுமே. வலக்கோடு அந்தக் கீற்றைச் சந்திக்கும் முனையில் பாலம் இட்டால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் கீற்று தனியொரு துண்டாகி, இரண்டு கால்கள் அடுத்தடுத்து நிற்பதாகவே தோன்றும். ஆகவே ரகரத்தின் பாலத்தை மேற்கோடு இடக்கோட்டோடு சேரும் இடத்தில் இட்டு, வலக்கோட்டையும் கீற்றையும் ஒரே துண்டாக விடவேண்டும். இங்கே நாக்கின் தொங்கும் முனை மேற்புறத்தில் இருப்பதால், அந்தப் பாலம் தகட்டையும் தாங்கிவிடுகிறது. காலுக்கு மட்டும் பாலத்தை மேற்கோட்டின் வலப்பக்கத்தில் இட்டால் இரண்டுக்குமிடையே இன்னொரு வேறுபாடும் கிடைக்கும். அதே சொல்லின் இறுதியில் வரும் ளை, ஐகாரக் குறியின் சுழிகளோடு ளகரத்தின் சுருளும் சேர்ந்து தீவுகள் நிறைந்தது. தொடக்கத்தில் வரும் ப நாக்கு மட்டும் உடையது. ஒரே சொல்லில் இத்தனை சிக்கல்களும் அமைவதால், எழுத்துருவைச் சோதிக்க இதைவிட நல்ல சொல்லை நான் தேடவில்லை.

இதே கவனம் வேறு சில எழுத்துகளுக்கும் வேண்டும். க, த ஆகிய இரண்டும் இடப்பக்கச் சுழியால் ஒத்திருப்பதால், தகரத்தின் வால் பிரியும் இடத்தைத் தொடக்கூடாது. இரண்டுக்கும் சுழி நடுக்கோட்டைத் தொடும் இடத்திலேயே பாலம் வரட்டும். எகரத்தையும் ஏகாரத்தையும் பிரிப்பது அடியில் உள்ள கீற்றுத்தான். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தோடு சேர்த்துப் பேசப்படும் இந்த நுண்ணிய வேறுபாட்டைப் பாலத்தின் பெயரால் அழித்துவிடக் கூடாது.

ண, ன, ள, ல, வ ஆகியவற்றின் இடப்பக்கச் சுருளில்தான் முன்னர்க் குறிப்பிட்ட ஃபியூச்சுரா பிளாக்கின் வழி கைகொடுக்கிறது. தடித்த எழுத்தில் அச்சுருளின் உள்வெளி மிகச் சிறிய தீவாகிவிடும். அதைத் தாங்கத் தனியாகப் பாலம் இடுவதை விட்டு, உள்வெளியையே ஒடுங்கிய பிளவாக்கி, வெளிப்புறம் வரை நீட்டிவிடலாம். அப்போது உள்வெளியும் பாலமும் ஒன்றாகின்றன. தீவு என்ற சிக்கலே இல்லாமற்போகிறது. ஐந்து எழுத்துகளிலும் பிளவு ஒரே கோணத்தில் அமைந்தால், சொல்லில் அவை எங்கே வந்தாலும் ஒரே கை எழுதியதாகத் தெரியும்.

நாக்கோ தீவோ இல்லாத ட போன்ற எழுத்துக்குப் பாலம் தேவையில்லை. எனினும் பக்கத்து எழுத்துகளெல்லாம் வெட்டுப்பட்டிருக்க அது மட்டும் முழுமையாக நிற்பது கண்ணை உறுத்துமாதலால், அடிக்கோட்டில் நிமிர்கோட்டை ஒட்டி ஒன்று இடுவது நல்லது.

நான்காம் படி: புள்ளியும் உயிர்க்குறிகளும்

புள்ளியை நிரம்பிய வட்டமாகவே வரைய வேண்டும்; வெறும் வளையமாக வரைந்தால் அதன் நடுவும் தீவாகி விழும். அதன் குறுக்களவு கோட்டின் தடிப்புக்குச் சமமாகவும், புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் இடையில் 8 மி.மீ.க்குக் குறையாத தகடும் இருக்கட்டும். ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது. இன்றைய பெயர்ப்பலகைக்கு அந்தச் சலுகை இல்லை.

இகரக் குறி எழுத்தோடு சேரும் இடத்தில் பாலம் இடுவது இருவகையில் நன்மை தரும். குறி உறுதியாக நிற்கும் என்பது ஒன்று. தனித்தனித் தகடுகளாக வெட்டும்போது ஒரே இகரத் தகட்டை எல்லா மெய்களுக்கும் பயன்படுத்தலாம் என்பது மற்றொன்று. டி, டீ ஆகிய இரண்டு மட்டும் தனி வடிவங்கள். ஈகாரக் குறியின் முனைச் சுழியை நிரப்பி உருண்டையாக்கிவிடலாம். இகரம் வெறுமனே முடிவதால் குழப்பம் வராது. ஆனால் ஏகாரக் குறியின் மேற்சுழியை நிரப்பக் கூடாது. நிரப்பினால் எகரக் குறியோடு மயங்கும்.

உகர, ஊகார வரிசைகளுக்கு 36 வடிவங்களையும் தனித்தனியே வரைந்தே ஆகவேண்டும், குறுக்குவழி கிடையாது. ஆனால் உகரத்தை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் வேலை சீராகும். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். ஙு, சு, பு, யு, வு இரண்டாவது. ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. இரண்டாம் கூட்டத்தில் கீழே இறங்கும் கோட்டுக்கு ஒரு பாலம் போதும். மற்ற இரண்டிலும் வளைவு நீள்வதால், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் இடத்தை முடிவு செய்து, அதிலிருந்து விலகாமல் வரையவேண்டும். மஸ்கெலியாவுக்கு ஸ், ஹட்டனுக்கு ஹ என்று கிரந்த எழுத்துகளும் இங்கே ஒவ்வொரு நாளும் தேவைப்படுபவை. அவற்றைக் கடைசிக்குத் தள்ளிவைத்து அரைகுறையாக முடிப்பது மலையகத்து எழுத்துருவுக்குப் பொருந்தாது.

ஐந்தாம் படி: இடைவெளி

பாலமும் வெற்றிடம், எழுத்துகளுக்கு இடைப்பட்டதும் வெற்றிடம். இரண்டும் அளவில் நெருங்கினால் எது எழுத்தின் முடிவு என்று கண்ணுக்குத் தெரியாது. பாலம் 6 மி.மீ. என்றால் எழுத்திடைவெளி 18 மி.மீ. அளவில் இருக்கட்டும். கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு ஆகியவற்றுக்கும் அவை சேரும் மெய்க்கும் இடையில் மட்டும் சிறிது குறைக்கலாம்.

ஆறாம் படி: எண்களும் மற்ற மொழிகளும்

எண்களில் 0, 4, 6, 8, 9 ஆகியவற்றுக்குத் தீவு உண்டு. இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட 1867 என்ற ஆண்டை வெட்டிப் பார்த்தால் இரண்டு வகை எண்களும் சோதனைக்கு வந்துவிடும். பி.ஓ.பி. என்று தூளின் தரத்தைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகளும் தீவு உடையவையே.

மும்மொழிப் பலகைகளில் சிங்கள, ஆங்கில எழுத்துகளுக்கும் அதே பாலத்தையும் அதே தடிப்பையும் கொடுக்கவேண்டும். தமிழ்ச் சொல் அகலமாக வருகிறது என்பதற்காக அதை மட்டும் பக்கவாட்டில் நெருக்கிக் குறுக்கும் பழக்கம் நம் பலகைகளில் மிகுதி. நெருக்கினால் நிமிர்கோடுகள் மெலிந்து, கிடைக்கோடுகள் தடித்தே நிற்கும், பாலங்களும் ஒடுங்கும். இடம் போதாவிட்டால் மூன்று மொழிகளையும் சேர்த்தே சிறிதாக்குவதுதான் முறை. 1987இல் தமிழும் ஆட்சிமொழியாக்கப்பட்ட நாட்டில் இதைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: எழுத்துருக் கோப்பு

க்ளிஃப்ஸ், ஃபாண்ட்லேப், இலவசமாகக் கிடைக்கும் ஃபாண்ட்ஃபோர்ஜ் ஆகிய மென்பொருள்களில் எதுவும் போதும். முழு எழுத்து ஓர் அடுக்கிலும் பாலங்கள் மற்றோர் அடுக்கிலும் இருக்க வேண்டும். பாலத்தை எழுத்திலிருந்து கழித்த வடிவத்தை இறுதியில் மட்டும் உருவாக்க வேண்டும். அவ்வாறு செய்தால், வெட்டுவதற்கு அகன்ற பாலமும் அச்சுக்கு ஒடுங்கிய பாலமும் கொண்ட இரண்டு எழுத்துருக்களை ஒரே வரைவிலிருந்து பெறலாம். 2016இல் அறிமுகமான மாறும் எழுத்துரு முறையில் பாலத்தின் அகலத்தையே வேண்டியபடி கூட்டிக் குறைக்கும் ஓர் அளவாக வைப்பதும் இயலும்.

யூனிகோடு முறையில் கொம்புகள் மெய்யை அடுத்தே பதிவாகின்றன; திரையில் அவற்றை முன்னே கொண்டுவருவது கணினியின் வேலை. எழுத்துருவில் உகர, ஊகார இணைப்புகளையும் டி, டீ, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றையும் விதிகளாக எழுதினால் போதுமானது.

எட்டாம் படி: தகடு வெட்டுதல்

இரண்டு மூன்று முறை பதிப்பதற்குத் தடித்த காகித மட்டையே போதும்; ஆளிவிதை எண்ணெய் தடவிக் காயவைத்தால் ஈரம் தாங்கும். பலமுறை பயன்படுத்துவதற்குப் பழைய எக்ஸ்ரே படலம் மிகவும் ஏற்றது: கத்திக்கு இலகு, அடியில் உள்ள கோடும் ஓரளவு தெரியும். அச்சகங்களில் பயன்படுத்திக் கழித்த ஆஃப்செட் அலுமினியத் தகடு இன்னும் நீடிக்கும், ஆனால் வளைவுகளை வெட்டுவது சிரமம். லேசர் இயந்திரத்தில் வெட்டக் கொடுப்பதானால் பாலியெஸ்டர் படலம் கொடுக்கவேண்டும், பி.வி.சி. படலத்தைக் கொடுக்கவே கூடாது, சூடேறினால் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும்.

கையால் வெட்டும்போது முதலில் சிறிய உள்வெட்டுகளையும் கடைசியில் நீண்ட கோடுகளையும் வெட்டவேண்டும். தகடு வலுவோடு இருக்கும்போதே நுண்ணிய வேலை முடிந்துவிடும். பாலத்தை நோக்கி ஒருபோதும் கத்தியை இழுக்கக் கூடாது. பாலத்திலிருந்து விலகும் திசையிலேயே இழுக்கவேண்டும். உள்மூலைகளைச் சற்று உருட்டிவிட்டால் கிழிசல் அங்கிருந்து தொடங்காது. எழுத்தைச் சுற்றிலும் 50 மி.மீ. விளிம்பு விடுவது, தூரிகை வழிந்து சுவரைக் கெடுக்காமல் காக்கும்.

ஒன்பதாம் படி: பதித்தல்

மலையகத்தில் வண்ணத்தைக் கெடுப்பது மழையை விடப் பனியும் மூட்டமும்தான். காலையில் சுவர் காய்ந்ததாகத் தோன்றினாலும் மேற்பரப்பில் ஈரம் படிந்திருக்கும். எனாமல் அதன் மீது ஒட்டாது. வெயில் ஏறிய பின் தொடங்கி, பிற்பகலில் மூட்டம் இறங்கும் முன் முடிப்பதாக வேலையைத் திட்டமிட வேண்டும். சுண்ணாம்பு அடித்த லயச் (தொழிலாளர் குடியிருப்பு) சுவராக இருந்தால், கையில் ஒட்டும் தூளைத் துடைத்து, எழுத்து வரும் பகுதிக்கு மட்டும் அடிப்பூச்சு ஒன்று கொடுத்துக் காயவிட வேண்டும்.

நூல் பிடித்து அடிக்கோடு அடித்த பிறகு, தகட்டின் நான்கு மூலைகளையும் டேப்பால் ஒட்டவேண்டும். வண்ணம் கெட்டியாக இருக்கட்டும். டர்பன்டைன் கலந்து நீர்க்கச் செய்வதுதான் கசிவுக்கு முதற்காரணம். முடி குட்டையாக வெட்டிய விறைப்பான தூரிகையின் நுனியை மட்டும் தோய்த்து, பழைய பேப்பரில் இருமுறை தட்டி மிகுதியைப் போக்கிவிட்டு, சுவருக்கு நேர்செங்குத்தாகத் தட்டவேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் தூரிகையின் முடி பாலத்தின் அடியில் புகுந்துவிடும். தெளிப்பானைப் பயன்படுத்துபவர் 20 முதல் 25 செ.மீ. தொலைவிலிருந்து மெல்லிய பூச்சாக இருமுறை தெளிக்கலாம். ஒரே பூச்சில் மறைக்க முயன்றால் வழியும்.

தேயிலை நிரப்பும் பைக்கு இம்முறை பொருந்தாது. தேத்தூள் ஈரத்தையும் மணத்தையும் விரைவில் உறிஞ்சும் தன்மையுடையது. எனாமல், டர்பன்டைன் ஆகியவற்றின் வாடை பட்டால் தூளின் தரமே குறைந்துவிடும். பைகளுக்கு வாடையற்ற, நீரில் கரையும் மையைக் கொண்டு, தூள் இல்லாத வேறோர் அறையில், பை நிரம்பும் முன்பே பதித்துக் காயவைக்க வேண்டும்.

ஒவ்வொரு பதிப்புக்குப் பின்னும் தகட்டின் அடிப்புறத்தைத் துணியால் துடைப்பது கட்டாயம். வண்ணம் காய்ந்து கட்டியானால் அடுத்த எழுத்து துல்லியமாக விழாது.

பத்தாம் படி: பக்க அமைப்பும் அச்சகமும்

இவ்வெழுத்து தலைப்புக்கும் பெயருக்கும் உரியது. ஒரு வரியில் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வைத்தால் பாலங்களின் கூட்டம் சொற்களை விழுங்கிவிடும். திருவிழா அழைப்பிதழில் கோயிலின் பெயரை இதில் இட்டு, பூசை நேரங்களையும் உபயகாரர் பெயர்களையும் சாதாரண எழுத்தில் விடுவதே அழகு. மென்பொருளின் தடிப்பாக்கும் பொத்தானையும் சாய்க்கும் பொத்தானையும் தொடக்கூடாது. தடிப்பாக்கினால் பாலம் அடைபடும். திரையில் 48 பிக்சல் அளவில் 36 அலகுப் பாலம் ஏறத்தாழ 1.7 பிக்சலாகத் தெரியும். 24 பிக்சலில் அது ஒரு பிக்சலுக்கும் குறைந்து மங்கிவிடும். ஆகவே 48க்குக் கீழே இறங்க வேண்டாம்.

நம் ஊர் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி முறையிலேயே தட்டச்சு செய்கிறார்கள். அது ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய முறை என்பதால், யூனிகோடு எழுத்துருவை அங்கே அப்படியே கொடுத்தால் பொருளற்ற குறிகளே வரும். தலைப்பை நம் கணினியிலேயே இட்டு, எழுத்துகளை வெளிக்கோடுகளாக மாற்றி, பி.டி.எஃப். கோப்பாகக் கொடுப்பது பாதுகாப்பானது. மாற்றிய பின், கொ, கோ, கௌ போன்ற இருபுறக் குறியுள்ள எழுத்துகளில் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் உள்ளனவா என்பதையும், பாலம் எதுவும் அடைபடவில்லை என்பதையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகே கோப்பை அனுப்ப வேண்டும்.